தொழிலாளர்களே முதலாளிகள்: எங்காவது நிஜமாக ஓடியிருக்கிறதா?

தறிக்காரன்:
1991க்குப் பிறகு பிறந்தவன் நான். தனியார்மயம் இல்லையென்றால் வேலையும் இல்லை, வளர்ச்சியும் இல்லை என்று கேட்டே வளர்ந்தாயிற்று. இப்போது பார்த்தால் எங்கள் கம்பெனியில் பாதிப்பேர் ஒப்பந்த ஆட்கள். கூட்டுறவு என்றாலே எனக்குத் தெரிந்தது ரேஷன் கடையும் நகைக்கடனும்தான். தொழிலாளர்களே நடத்தி, பெரிதாக, ரொம்ப காலம் தாக்குப்பிடித்த தொழில் ஏதாவது உண்டா? தத்துவம் வேண்டாம், ஊர் பேரோடு சொல்லுங்கள்.

கண்ணூர் ஓரம்:
கேரளத்தில் எங்கள் கண்ணூரின் தினேஷ் பீடி. பீடித் தொழிலாளருக்கு விடுப்பு, வேலை நேரம் எல்லாம் வரையறுத்த 1966 சட்டத்தைக் கேரள அரசு அமலாக்கியதும், கட்டுப்படியாகாது என்று இங்கே பீடிக் கம்பெனி நடத்திய மங்களூர் முதலாளிகள் 1968ல் கடையைக் கட்டிவிட்டார்கள், ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். 1969ல் பங்குப் பணத்துக்கு அரசு கடன் கொடுக்க, அந்த ஆட்களே கூட்டுறவுச் சங்கம் வைத்துப் பீடி சுற்ற ஆரம்பித்தார்கள். முதலாளி முடியாது என்ற அதே பிஎஃப், சம்பளத்தோடு விடுமுறை எல்லாம் கொடுத்தே தொழில் நடந்தது. வேலை நடக்கும்போது ஒருவர் எல்லோருக்கும் பேப்பர் வாசிப்பார், அவர் பங்கு பீடியை மற்றவர்கள் சுற்றிவிடுவார்கள், அந்தப் பழக்கம் இந்தப் பக்கம் பழையது. பீடி விற்பனை சரிந்த பிறகு குடை, தேங்காய்ப்பால், மசாலாப்பொடி என்று மாறிக்கொண்டார்கள்.

கணக்குப்பிள்ளை:
அரசுக் கடன் இல்லாமல் அது பிறந்தே இருக்காது, அதையும் சொல்லுங்கள். பீடியைச் சமூகநீதிக் கணக்கில் எழுதுவதும் கொஞ்சம் இடிக்கிறது. எல்லோரும் தூக்கிப் பிடிக்கிற ஸ்பெயினின் மொண்ட்ராகனையே எடுங்கள், 1956ல் தொடங்கிய பெரிய தொழிலாளர் கூட்டுறவுக் குழுமம். அதன் வீட்டுச் சாதனக் கம்பெனி ஃபாகோர் 2013ல் திவால். வெளிநாட்டு ஆலைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோருக்குப் பங்கும் கிடையாது, ஓட்டும் கிடையாது. அவர்களுக்கு அது இன்னொரு முதலாளி, அவ்வளவுதான்.

கண்ணூர் ஓரம்:
வெளிநாட்டு ஆலை விஷயம் சரி, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஃபாகோர் விழுந்தபோது அதன் உறுப்பினர்கள் பலருக்கு மற்ற கூட்டுறவுகள் வேலை கொடுத்தன, தனியார் ஆலை மூடினால் பக்கத்து ஆலைக்காரன் கூப்பிடுவானா? அரசுக் கடன் தப்பு என்றால், பெரிய கம்பெனிகளுக்குச் சலுகை விலையில் நிலமும் வரிவிலக்கும் போகிறதே, அது எந்தக் கணக்கு? பீடி பிடிக்கவில்லையா, கேரளத்து வடகரை பக்கம் ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தைப் பாருங்கள். 1925ல் கூலிக்காரர்கள் ஆரம்பித்தது, இன்று பாலமும் நெடுஞ்சாலையும் போடுகிறது.

தறிக்காரன்:
ஊராளுங்கல் கேள்விப்பட்டதே இல்லை, நன்றி. அங்கே வங்காளம், பீகாரிலிருந்து வந்து கல் தூக்குகிறவர்களும் உறுப்பினராக முடியுமா, இல்லை மொண்ட்ராகன் கதைதானா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.