தம்பி தண்ணீர் கேட்டால் முகம் சுளிக்கும் அட்டெண்டர், என்ன செய்யலாம்?

கேள்வி (கோவை அக்கா):
தம்பிக்கு 31 வயது. பைக் விபத்தில் கழுத்துத் தண்டுவடத்தில் அடி. கையைத் தூக்குவான், விரல் மடங்காது. நான் வேலைக்குப் போகிறேன், அம்மாவுக்கு முட்டி வலி. எட்டு மாதமாக ஏஜென்சி மூலம் ஒருவர் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்கிறார்.

போன மாதம் யூரின் இன்ஃபெக்‌ஷன், நல்ல காய்ச்சல். "தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்டதும் தம்பி அட்டெண்டர் முகத்தைப் பார்த்தான். ராத்திரிதான் என்னிடம் சொன்னான். மதியத்துக்கு மேல் தண்ணீர் கேட்டால், "அப்புறம் யூரின் எடுக்க நான்தானே டியூப் போடணும்" என்பாராம். கோபம் வந்தால் போனை எடுத்து டிவி மேல் வைத்துவிடுவாராம். "அனுப்பிடாதக்கா, அடுத்த ஆள் இன்னும் மோசமா இருந்தா?" என்கிறான். அடிக்கவில்லையே, இதைக் கொடுமை என்று சொல்லலாமா?

பதில் 1 (சக்கர நாற்காலியில் 12 வருடம்):
தாராளமாகச் சொல்லலாம் அக்கா. என் ஆள் நாற்காலியை எட்டாத இடத்தில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவார். காலையில் கழுவிவிடுகிறவரிடம் சாயங்காலம் எப்படிச் சண்டை போடுவது?

தம்பியின் பயத்துக்குக் காரணம், ஒரே ஆளை நம்பியிருப்பது. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டுமாவது இன்னொருவரைப் பழக்குங்கள். நான் அதைச் செய்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது. டாக்டரிடம் போனால் முதல் ஐந்து நிமிடம் அட்டெண்டர் வெளியே நிற்கட்டும். நீங்களும்தான், கோபித்துக்கொள்ள வேண்டாம். உறிஞ்சிக் குடிக்கிற டியூப் வைத்த தண்ணீர் பாட்டிலை வாய்க்கு எட்டுகிற மாதிரி கட்டிலில் மாட்டுங்கள். புது ஆளைத் தேர்ந்தெடுப்பது தம்பியாக இருக்கட்டும்.

பதில் 2 (முன்னாள் அட்டெண்டர்):
சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் தண்ணீரைக் குறைத்திருக்கிறேன். ஏஜென்சி கமிஷன் போக மிச்சம்தான் சம்பளம், 24 மணி நேர டியூட்டி, கட்டில் ஓரம் பாய் போட்டுப் படுக்கை. ராத்திரி மூன்று தடவை எழுந்தால் மறுநாள் மனுஷனாக இருக்க முடியாது. நான் பார்த்துக்கொண்ட பெரியவரை வாரம் இரண்டு ராத்திரி அவர் மகன் பார்த்துக்கொண்டதும் எனக்குத் தூக்கம் வந்தது, அவருக்குத் தண்ணீரும் கிடைத்தது. ஆனால் போனைப் பிடுங்கி வைப்பதைக் களைப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவரை அனுப்பிவிடுங்கள்.

பதில் 3:
சட்டப்படியும் குற்றம்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 92: பராமரிப்பில் வைத்திருப்பவர் தெரிந்தே உணவோ நீரோ மறுத்தால் 6 மாதம் முதல் 5 வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. பிரிவு 7-இன்படி யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம் தகவல் கொடுக்கலாம், தாசில்தாருக்கும் ஆர்.டி.ஓ.வுக்கும் அந்த அதிகாரம் உண்டு. போலீஸிடம் போனால், இலவச சட்ட உதவி உரிமை பற்றி அவர்களே உங்களுக்குச் சொல்ல வேண்டும். எதற்கும் சட்டத்தில் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துப் போங்கள்.

கோவை அக்கா:
எல்லோருக்கும் நன்றி. தம்பியிடம் படித்துக் காட்டினேன். இரண்டாவது பதிலை மறுபடி படிக்கச் சொன்னான். புகார் இப்போதைக்கு வேண்டாம், ஆள் மட்டும் மாறட்டும் என்கிறான். அது அவன் முடிவு. செவ்வாய், வெள்ளி ராத்திரி இனி என் பொறுப்பு. ஞாயிறு ஒருவர் வருகிறார். அவரிடம் கேட்க 14 கேள்விகளைப் போனில் பேசிப் பதிந்து வைத்திருக்கிறான். எனக்குப் போட்டுக் காட்ட மாட்டானாம்.