வெயில் இருக்க ஏன் நிலக்கரி?

கேள்வி: 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலாரைப் பகலில நிறுத்தச் சொன்னது இலங்கை மின்சார சபை. டொலர் கொடுத்து நிலக்கரி வாங்கிற நாடு வெயிலை ஏன் விடுது?

பதில் 1: ஆலையெல்லாம் பூட்டு, தேவை விழுந்துடும். நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தின் 300 மெகாவாட் அலகை மதியம் நிறுத்திப்போட்டு பின்னேரம் எழுப்ப ஏலாது. மின்னோட்டத்தின் அதிர்வெண்ணை நிலையாப் பிடிக்கிறது மின் நிலையங்களில சுழலும் கனத்த ரோட்டர்கள்; சோலாரில அது இல்லை. அவை குறைஞ்சால், சின்னப் பழுதுக்கும் அதிர்வெண் 50 ஹேர்ட்ஸிலிருந்து சட்டெண்டு சரியும். அதே ஆண்டு பெப்ரவரி 9 நாடே இருண்டதுக்கு இதுவும் ஒரு காரணம்.

பதில் 2: பற்றரிதான் வழி, ஆனால் சார்ஜ் நேரம் கவனம். 5 கிலோவாட் சோலாருக்கு 10 யூனிட் லித்தியம் பற்றரி போதும். செட்டிங்கை மாத்தாமல் விட்டால் காலையிலேயே சார்ஜ் தொடங்கி 11 மணிக்கு நிரம்பிடும்; உச்சி வெயில் மின்சாரம் முழுக்கக் கிரிட்டுக்கே (பொது மின்வலைக்கே) போகும், பிரச்சினை அப்படியே இருக்கும். 11 தொடக்கம் 2 வரை 3.3 கிலோவாட்டில சார்ஜ் ஆக டைமர் வையுங்கோ. இரவு உச்சநேரம் 6.30க்குத் தொடங்குது, அப்ப வெளியேற்றுங்கோ.

பதில் 3: பழைய இன்வேட்டரில (சோலாரின் டிசி மின்சாரத்தை வீட்டு ஏசி மின்சாரமா மாத்துற கருவி) பற்றரியை நேரடியாப் பூட்ட ஏலாது, ஏசி பக்கம் தனிப் பற்றரி இன்வேட்டர் வேணும். மீற்றரடியில வயரைச் சுத்திப் பூட்டி மின்னோட்டத்தை அளக்கிற சிடி கிளாம்பின் அம்புக்குறியைக் கட்டாயம் பாருங்கோ. திசை மாறினால், கிரிட்டுக்குப் போற மின்சாரத்தை கிரிட்டிலிருந்து வாறதெண்டு இன்வேட்டர் கணக்கெடுத்து, பற்றரி பகலிலேயே காலியாகிடும்.