லினக்ஸ் மின்ட்டின் அடுத்த பெரும் பதிப்பு: உபுண்டுவை இன்னும் எவ்வளவு சார்ந்திருக்க வேண்டும்?

மருதம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் பராமரித்துவரும் படிப்பகக் கணினிகளில், உபுண்டுவை அடித்தளமாகக் கொண்ட இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 21 இயங்குகிறது. அதற்கான பாதுகாப்பு ஆதரவு 2027 ஏப்ரலோடு முடிகிறது. எனவே உபுண்டு 26.04-ஐ அடித்தளமாகக் கொண்டு வரவிருக்கும் அடுத்த பெரும் பதிப்பையே புதிதாக நிறுவிவிடலாம் என்று எண்ணியிருந்தேன்.

ஆனால் உபுண்டுவில் நடக்கும் மாற்றங்களைக் கவனிக்கும்போது தயக்கம் ஏற்படுகிறது. 25.10 பதிப்பில், அதன் மேசைத்தளமான ஜினோமின் எக்ஸ்11 அமர்வு (பழைய திரைக்காட்சி முறை) நீக்கப்பட்டது. அடிப்படைக் கட்டளைகள் ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட தொகுப்புக்கு மாற்றப்பட்டன. நிர்வாகி உரிமை தரும் சுடோ கட்டளைக்கும் அதுவே நேர்ந்தது. உபுண்டுவின் தனிப் பொதிமுறையான ஸ்னாப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்த முடிவுகள் எதிலும் மின்ட் குழுவுக்குப் பங்கில்லை; விளைவுகள் மட்டும் அவர்கள் வழியாக நம்மிடம் வந்து சேர்கின்றன. அப்படியிருக்க, உபுண்டுவுக்கே மூலமான டெபியனை நேரடி அடித்தளமாகக் கொண்ட எல்எம்டிஇ 7 (லினக்ஸ் மின்ட் டெபியன் பதிப்பு) கையில் இருக்கும்போது, அவர்கள் ஏன் அதையே முதன்மைப் பதிப்பாக ஆக்கவில்லை? என் போன்றவர்கள் இப்போதே அதற்கு மாறிவிடுவது நல்லதா?

வாகை:

மருதம் அவர்களுக்கு வணக்கம். சார்பு எவ்வளவு என்பதை உங்கள் கணினியிலேயே பார்த்துவிடலாம். முனையத்தில், மென்பொருள்களை நிறுவும் ஆப்ட் கருவியின் 'ஆப்ட் பாலிசி' என்ற கட்டளையைத் தட்டினால், எந்தக் களஞ்சியத்துக்கு (மென்பொருள் பொதிகளின் சேமிப்பிடம்) என்ன முன்னுரிமை என்ற பட்டியல் வரும். மின்ட்டின் அப்ஸ்ட்ரீம் பிரிவுக்கு 700, உபுண்டு களஞ்சியங்களுக்கு 500 என்று இருப்பதைக் காண்பீர்கள். ஒரே பொதி இரண்டு இடங்களிலும் இருந்தால், எண் கூடுதலாக உள்ள மின்ட்டின் பொதியே நிறுவப்படும். ஆனால் அப்படி மேலேறி நிற்கும் பொதிகள் சிலவே. கெர்னல் (இயங்குதளத்தின் கரு), சி நூலகம், வரைகலை இயக்கிகள் தொடங்கிப் பெரும்பகுதி உபுண்டுவின் வழங்கிகளிலிருந்து நேராக வருகிறது. அவற்றுக்கான பாதுகாப்புத் திருத்தங்களையும் உபுண்டுவே வெளியிடுகிறது. ஒரு சிறிய குழுவால் அந்த வேலையைத் தனியே சுமக்க இயலாது என்பதுதான் சார்புக்கான முதற்காரணம்.

சார்பு எப்போது சுமையாகிறது என்பதற்கு ஸ்னாப் விவகாரமே தெளிவான சான்று. உபுண்டு 20.04-இல் குரோமியம் உலாவியை ஆப்ட் வழியாக நிறுவினால், உள்ளே ஒன்றுமில்லாத ஒரு பொதி இறங்கி, அது ஸ்னாப்பை இழுத்துவந்து நிறுவியது. கேட்டது ஒன்று, பயனருக்குத் தெரியாமல் நிறுவப்படுவது வேறொன்று என்பதை மின்ட் குழு ஏற்கவில்லை. 2020 ஜூனில் வெளியான மின்ட் 20-இல், 'நோஸ்னாப்' என்ற சிறு கோப்பின் மூலம் ஸ்னாப்பை இயக்கும் ஸ்னாப்டி பொதிக்கு மைனஸ் 10 என்ற முன்னுரிமை கொடுத்து, அது தானாக நுழையாதபடி தடுத்தார்கள். அந்தக் கோப்பை நீக்கினால் எவரும் ஸ்னாப்பை நிறுவிக்கொள்ளலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். தடை விதித்தவர்கள் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடவில்லை.

ஆனால் தடுப்பது மட்டும் போதவில்லை. அதே ஆண்டு குரோமியத்தைத் தாங்களே தொகுத்து வழங்கத் தொடங்கினார்கள். 2022 ஜனவரியில் மோசில்லாவுடன் உடன்பாடு கண்டு, ஃபயர்ஃபாக்ஸை மோசில்லாவின் அமைப்பிலேயே தந்தார்கள். உபுண்டு 24.04-இல் தண்டர்பேர்டும் ஸ்னாப்பாக மாறியபோது, மின்ட் 22-க்காக அதையும் தாங்களே தொகுக்க வேண்டியதாயிற்று. என் கவலை இதுதான்: உபுண்டுவின் ஒவ்வொரு நீண்டகால ஆதரவுப் பதிப்பிலும், பெற்றுக்கொள்வதற்குப் பதிலாகத் திருத்திக்கொள்ள வேண்டியவற்றின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. 26.04-ஐ அடித்தளமாகக் கொள்ளும் பதிப்பைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.

நீங்கள் குறிப்பிட்டவற்றுள் எக்ஸ்11 பற்றி அஞ்ச வேண்டியதில்லை. உபுண்டு நீக்கியது ஜினோமின் அமர்வை. எக்ஸ் வழங்கியை அன்று. மின்ட்டின் மேசைத்தளமான சின்னமனின் எக்ஸ்11 அமர்வு அதனால் பாதிக்கப்படாது. எக்ஸ்11-க்கு மாற்றான வேலண்டு அமர்வு 2024 ஜனவரியில் வந்த மின்ட் 21.3 முதல் சோதனை நிலையில் கூடவே இருக்கிறது. ரஸ்ட் கட்டளைகளின் கதை வேறு. 25.10 வெளியான சில நாட்களிலேயே, டேட் கட்டளையின் ஒரு விருப்பத்தேர்வு சரியாகச் செயல்படாததால், தானியங்கிப் புதுப்பிப்புச் சோதனை நின்றுபோனது. விரைவில் திருத்திவிட்டார்கள் என்றாலும், பாதுகாப்புப் புதுப்பிப்பையே பாதிக்கும் இடத்தில் அது நேர்ந்ததைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

நொச்சி:

வாகை சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் 'ஏன் முழுவதுமாக மாறவில்லை' என்ற கேள்விக்கான விடை எல்எம்டிஇயின் நோக்கத்திலேயே இருக்கிறது. 2010-இல் தொடங்கிய அந்தப் பதிப்பைப் பற்றிக் குழுவினரே கூறிவருவது, உபுண்டு ஒருநாள் இல்லாமல் போனால் இதே அனுபவத்தைத் தொடர்ந்து வழங்க முடியுமா, அதற்கு எவ்வளவு உழைப்பு தேவைப்படும் என்று அறிந்துகொள்வதே அதன் நோக்கம் என்பதுதான். அதைக் காப்புறுதி என்று சிலர் அலட்சியமாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. 2023-இல் டெபியன் 12-ஐக் கொண்டு 6, 2025-இல் டெபியன் 13-ஐக் கொண்டு 7 என்று, டெபியன் வெளியான சில மாதங்களிலேயே முழுமையான பதிப்பாக வந்துகொண்டிருக்கிறது.

இருந்தாலும், மாறுவதற்கு முன் இழப்பவற்றை அறிந்துகொள்ளுங்கள். எல்எம்டிஇ சின்னமனில் மட்டுமே கிடைக்கிறது. எக்ஸ்எஃப்சிஇ, மேட்டே மேசைத்தளப் பதிப்புகள் இல்லை. உபுண்டுவுக்காகத் தனிநபர்களும் குழுக்களும் நடத்தும் பிபிஏ களஞ்சியங்கள் அதில் பயன்படா. மின்ட் 22 தொடர் உபுண்டுவின் புதிய வன்பொருளுக்கான கெர்னல்களைப் பெற்று 22.2-இல் 6.14-க்கு வந்துவிட்டது, எல்எம்டிஇ 7 டெபியனின் 6.12-உடன் வெளியானது. மிகப் புதிய மடிக்கணினி என்றால் இந்த வேறுபாடு பெரிது. மேலும், 32 பிட் கணினிகள் எவையேனும் உங்களிடம் இருந்தால், எல்எம்டிஇ 7 அவற்றில் நிறுவப்படாது. டெபியன் 13 கைவிட்டதால் இதுவும் கைவிட்டது. சார்பு என்பது உபுண்டுவோடு முடிந்துவிடுவதில்லை என்பதை இதிலிருந்து உணரலாம்.

மருதம்:

இருவருக்கும் நன்றி. கணினிகள் அனைத்தும் 64 பிட்டே. பழையவை, பெரும்பாலும் இன்டெல் வரைகலை கொண்டவை. ஒன்றில் மட்டும் என்விடியா அட்டை இருக்கிறது. வாசகர்கள் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்கிறார்கள் என்பதால், அது இரண்டிலும் ஒரே மாதிரி இருக்குமா என்பதே எஞ்சியுள்ள ஐயம்.

வாகை:

இருக்கும். விசைப்பலகை உள்ளீட்டுக்கான ஐபஸ், எம்17என் ஆகிய பொதிகளை உபுண்டுவும் டெபியனிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. தமிழ்99 வரைவு எம்17என் தரவுத்தளத்திலேயே உள்ளது. பழைய இன்டெல் கணினிகளுக்கு எல்எம்டிஇ 7 தாராளமாகப் பொருந்தும். ஒன்றில் நிறுவி, வாசகர்கள் சில வாரங்கள் பயன்படுத்திய பிறகு மற்றவற்றை மாற்றுங்கள். என்விடியா உள்ள கணினியை மட்டும் மின்ட் 22-க்கு மேம்படுத்தி அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு 2029 வரை ஆதரவு உண்டு. மேம்படுத்தும் முன், பழைய நிலைக்குத் திரும்ப உதவும் டைம்ஷிஃப்ட் கருவியில் ஒரு நிலைப்பதிவை எடுத்துவிடுங்கள். மேம்படுத்தும் கருவியே அதைக் கேட்கும். அடுத்த பதிப்பின் பீட்டா வந்ததும், ரஸ்ட் கட்டளைகளை அப்படியே ஏற்றிருக்கிறார்களா என்பதை முதலில் பார்த்து இதே இழையில் எழுதுகிறேன்.