படிகாரமும் அலுமினியப் போசியும் ஒண்ணுங்களா?

பவானிக்கரை: அலுமினியப் போசியில (பாத்திரத்துல) ஆக்காதீங்கன்னு சொல்ற வீட்டுலயே, ஆத்துத்தண்ணி கலங்கலா வந்தா தொட்டியில படிகாரத்தைச் சுத்தறாங்க. அதுலயும் அலுமினியந்தானுங்க? விலக்கறதுன்னா ரெண்டையும் விலக்கணும்.

கணபதி வார்ப்படம்: இல்லீங்க. போசி உலோகம், 660 டிகிரியில உருகும். படிகாரம் உப்பு; 474 கிராம் எடுத்தா 27 கிராம்தான் அலுமினியம், 216 கிராம் வெறும் தண்ணி. அதை எந்த உலையில போட்டாலும் உலோகம் வராது. அலுமினியத்தை உருக்கும்போது மேல மிதக்கற கசடும் அப்படித்தான்: உள்ள சிக்கின உலோகத் துளியைப் பிழிஞ்சு எடுக்கலாம், ஆக்சைடு மாவை ஒண்ணும் பண்ண முடியாது. சேர்வராயன் மலை பாக்சைட் தாதுவை மேட்டூர்ல முதல்ல அலுமினாவாக்கி (அலுமினிய ஆக்சைடு), உருகின கிரையோலைட் உப்புல கரைச்சு, சுமார் 950 டிகிரியில மின்சாரம் விட்டுத்தான் பிரிச்சாங்க.

பவானிக்கரை: உலைக் கணக்கு வேற, வயித்துக் கணக்கு வேறங்க. புளிக்குழம்பு போசியை அரிச்சா வர்றதும் அலுமினிய அயனி (மின்னேற்றமுள்ள அணு), படிகாரம் கரைஞ்சா வர்றதும் அதே அயனி. உடம்புக்கு என்னங்க வித்தியாசம்?

கணபதி வார்ப்படம்: கரைஞ்சதுக்கப்புறம் வித்தியாசம் இல்லைங்க, அதை ஒத்துக்கறேன். ஆனா குழம்புல புளிப்பு இருக்கற வரைக்கும் அது கரைஞ்சே கிடக்கும். தண்ணியில பிஎச் (புளிப்பு, காரம் காட்டற அளவு) 6லிருந்து 7.5க்குள்ள இருந்தா கரையாத ஹைட்ராக்சைடாத் திரண்டு, சேத்தையும் பிடிச்சுக்கிட்டு அடியில இறங்கிடும்.

நொய்யல்: இறங்கும், அளவு தப்பாத வரைக்கும். சுண்ணாம்பு கூடி பிஎச் 8.5 தாண்டினா அலுமினேட்டா (காரத்துல கரையற வடிவம்) மறுபடியும் கரைஞ்சு வடிகட்டியைத் தாண்டி வந்துரும். குடிதண்ணிக்கு ஐஎஸ் 10500ங்கற இந்தியத் தரவிதி அலுமினியத்துக்குச் சொல்ற அளவு லிட்டருக்கு 0.03 மில்லிகிராம், வேற தண்ணிக்கு வழியில்லாட்டி 0.2. கட்டியைக் கையில பிடிச்சுச் சுத்தினா எவ்வளவு கரைஞ்சுதுன்னே தெரியாது. 10 கிராம் படிகாரத்தை ஒரு லிட்டர் தண்ணியில கரைச்சு வெச்சுக்குங்க. அதுல 1 மில்லி, ஒரு லிட்டருக்கு 10 மில்லிகிராம். நாலு ஒரு லிட்டர் பாட்டில்ல கலங்கல் தண்ணி பிடிச்சு 1, 2, 3, 4 மில்லி விடுங்க. ஒரு நிமிசம் வேகமா, கால் மணி நேரம் மெதுவாக் கலக்கி, அரைமணி நேரம் அசைக்காம வைங்க. எந்தக் குறைஞ்ச அளவுல தெளியுதோ அதுதான் தொட்டிக்கு. 2 மில்லியில தெளிஞ்சா 500 லிட்டருக்கு 10 கிராம். வேகமாவே கலக்கிட்டிருந்தா திரண்டது உடைஞ்சுரும், இறங்காது.

பவானிக்கரை: இந்தக் கணக்குல போட்டா சரிங்க. போர் தண்ணி உப்புக்குன்னும் போடறாங்களே?

நொய்யல்: அது வீணுங்க. படிகாரம் இறக்கறது மிதக்கற கலங்கலை, கரைஞ்ச உப்பை இல்லை. சல்பேட்டுதான் மேலும் கூடும்.