ஹோயா கொடி: இலை 5 மாதமாகப் பச்சையாகவே இருக்கிறது, ஆனால் துளிர்க்கவில்லை

எழுதியவர்: சிப்புட் அக்கா

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அம்மாவின் ஹோயா கொடியைப் பற்றித்தான் கேள்வி. தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தபோதே அதை ஒரு மைலோ டின்னில் வைத்திருந்தார். பால்மரத்தை (ரப்பர்) அழித்துச் செம்பனை போட்ட வருடம் நாங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தோம். சட்டி பானையெல்லாம் லாரியில் வந்தது, அந்த டின் மட்டும் அம்மா மடியில் வந்தது. பூ எருக்கம்பூவைப் போல ஐந்து முனை, ஆனால் கொத்தாக, மெழுகில் செய்தது போல இருக்கும். இரவு எட்டு மணிக்கு மேல் வாசல் முழுக்க மணக்கும்.

இப்போது ஜோகூரில் இருக்கும் தங்கைக்கு ஒன்று வேண்டுமாம், என் மகளுக்கும் ஒன்று. ஜனவரியில் நல்ல தடித்த இலையாகப் பறித்து மண்ணில் ஊன்றினேன். இலை வாடவில்லை. பிடுங்கிப் பார்த்தால் வேர்கூட விட்டிருக்கிறது. ஆனால் துளிர் இல்லை. அப்புறம் மூன்று கம்பு வெட்டி, கடையில் வாங்கிய கறுப்பு மண்ணில் நட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். ஒன்பதாம் நாள் அடி கறுத்துக் குழகுழவென்று ஆகிவிட்டது. வெட்டும்போது வடிந்த பால் பட்டு ஒரு ரவிக்கையும் போச்சு.

இன்னொன்று, பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) இதய வடிவ ஹோயா இலை ஒன்றை 8 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கினேன். இரண்டு வருடமாக அதே ஒற்றை இலை. பேத்தி அதற்கு 'பிளாஸ்டிக்' என்று பெயர் வைத்துவிட்டாள். எங்கே தப்பு செய்கிறேன்?

(அம்மாவுக்கு 78 வயது. கம்பு வெட்டச் சம்மதித்தார். பூக் காம்பைத் தொட்டால் மட்டும் சோறு கிடையாது என்கிறார்.)

எழுதியவர்: ஒட்டுக்கன்று

தங்கச்சி, நான் 31 வருடம் தோட்டத்து நர்சரியில் பால்மரத்துக்கு ஒட்டுக் கட்டியவன். பூச்செடியெல்லாம் ஓய்வு பெற்ற பிறகு பிடித்த பைத்தியம். உங்கள் இலையின் கதை எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒட்டுக் கட்ட நல்ல மரத்திலிருந்து விரல் நீளத்துக்குப் பட்டை எடுப்போம். நடுவில் கண், அதாவது துளிர் வரும் மொட்டு, இருக்க வேண்டும். புதிதாக வந்த பையன்கள் அவசரமாக உரிப்பார்கள். கண்ணின் உள்குருத்து கம்பிலேயே நின்றுவிடும், கையில் வெறும் பட்டைதான் வரும். அதைக் கன்றில் வைத்துக் கட்டி, மூன்று வாரம் கழித்துப் பிரித்தால் பச்சையாக, அழகாக ஒட்டியிருக்கும். கன்றின் தலையை வெட்டிவிட்டுக் காத்திருந்தால் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். உயிர் இருக்கும், துளிர் இருக்காது. உங்கள் இலையும் அதுதான், 'பிளாஸ்டிக்'கும் அதுதான். கரும்பில் கணு இல்லாத துண்டை நட்டால் முளைக்குமா? ஹோயாவில் இலைக்காம்பு கொடியோடு சேரும் இடம்தான் கணு, துளிர்க்கும் கண் அங்கேதான் இருக்கும். அதையும் சேர்த்து வெட்ட வேண்டும்.

கம்பு அழுகியதற்கு மண்தான் காரணம். ஹோயா நம் காடுகளில் மரத்தைத் தொற்றி வளர்கிற சாதி, வேருக்குக் காற்று வேண்டும். தேங்காய் மட்டையைச் சின்னதாக நறுக்கி, அடுப்புக்கரியை உடைத்துக் கலந்து வையுங்கள். மண் ஒரு கைப்பிடி போதும். நுனிக்குருத்தும் வேண்டாம், முற்றிய கட்டையும் வேண்டாம், நடுத்தரமாக இரண்டு மூன்று கணு உள்ள துண்டாக வெட்டி, கீழ்க்கணுவின் இலைகளை எடுத்துவிடுங்கள். உடனே நடாதீர்கள். நிழலில் அரை நாள் கிடக்கட்டும். வெட்டுவாயில் பால் காய்ந்து, பால்மரத்தின் வெட்டுக் கோட்டில் உறையும் கோட்டுப்பால் போல மூடிக்கொள்ள வேண்டும். அப்புறம் அந்தக் கணு புதையும்படி நடுங்கள். மேலே காய்ந்தால் மட்டும் தண்ணீர். பிளாஸ்டிக் பை போட்டு மூடச் சொல்லி வீடியோ போடுகிறார்கள், நம் ஊர் புழுக்கத்தில் மூடினால் அவிந்துவிடும்.

ஒரு விஷயம். கோலகங்சாரில் 1877-இல் நட்ட பழைய ரப்பர் மரம் நிற்கிறதே, அது விதையில் வந்தது. விதையில் வருவது பிள்ளை, தாயைப் போல இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கம்பில் வருவது பிள்ளை இல்லை. ஜோகூருக்குப் போகப்போவது அம்மாவின் அதே கொடிதான்.

எழுதியவர்: பாகான் டீச்சர்

அண்ணன் சொன்னது சரி. ஆனால் எனக்குத் தண்ணீர்தான் கைகொடுக்கிறது. ஜாம் போத்தலில் ஒரு கணு மட்டும் நனையும்படி வைத்தால் வேர் வருவதைக் கண்ணால் பார்க்கலாம். கட்டைவிரல் அகலம் அளவு நீளத்துக்கு வேர் வந்ததும் தொட்டிக்கு மாற்றுங்கள், ரொம்ப நாள் விட வேண்டாம். இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றாவிட்டால் கொசுப்புழு வரும், சுகாதார இலாகா ஆள் வந்தால் சம்மன்தான்.

அக்கா, பூக் காம்பு விஷயத்தில் அம்மா சொல்வதைக் கேளுங்கள். பூ உதிர்ந்த மொட்டைக் காம்பிலேயே மறுபடியும் பூக்கும்.

எழுதியவர்: சிப்புட் அக்கா

ஐந்து வாரம் ஆகிவிட்டது, சொல்லாமல் இருந்தால் தப்பு. நான்கு கம்பு வெட்டினேன். இரண்டு மட்டையில், இரண்டு போத்தலில். போத்தலில் 24-ஆம் நாள் வெள்ளை வேர். மட்டையில் வைத்ததில் ஒன்று மாவுப்பூச்சி வந்து போனது, மற்றதை மெல்ல இழுத்துப் பார்த்தேன், வரமாட்டேன் என்று பிடித்துக்கொண்டது.

வெட்டிய அன்று அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வடிந்த பாலை ஒரு விரலில் ஏந்தி, கட்டைவிரலால் உருட்டி உருட்டிச் சின்ன உருண்டையாக்கிப் பார்த்துவிட்டு, "பால் கெட்டியாத்தான் இருக்கு, பொழைச்சுக்கும்" என்றார். 22 வருடம் தோட்டத்தில் பாலெடுக்க மரம் வெட்டிய கை. 'பிளாஸ்டிக்'கைத் தூக்கிப் போடப் பேத்தி விடவில்லை. அண்ணே, எப்போது பூக்கும்?

எழுதியவர்: ஒட்டுக்கன்று

இரண்டு மூன்று வருடம்கூட ஆகலாம் தங்கச்சி. பெரிய தொட்டிக்கு மாற்றிவிடாதீர்கள், வேர் கொஞ்சம் நெருக்கியடித்துக் கிடந்தால்தான் பூக்கும். காலை வெயில் படட்டும், பத்து மணிக்கு மேல் நிழல். தங்கைக்குக் கொடுப்பதாக இருந்தால் இப்போதே கொடுத்துவிடுங்கள். மொட்டு வைத்த பிறகு ஜோகூர் வரை காரில் குலுக்கிக்கொண்டு போனால் எல்லாவற்றையும் உதிர்த்துவிடும்.