மழைக்காலக் காலையில் இடது காதில் மட்டும் சடசடப்பு: நிலைமின் ஹெட்போன் ஆம்ப்ளிஃபையருக்கு உதவி தேவை

கேள்வி (காசிமேடு)

வணக்கம். ஆம்ப்ளிஃபையர் வடிவமைப்பாளர் கெவின் கில்மோரின் வரைபடத்தைத் தழுவி, டிரான்சிஸ்டர்களை மட்டுமே கொண்ட நிலைமின் (எலக்ட்ரோஸ்டேடிக்) ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வீட்டிலேயே கட்டியிருக்கிறேன். பவர் சப்ளை பிளஸ் 400, மைனஸ் 400 வோல்ட். ஹெட்போன் சவ்வுக்குத் தரும் நிலையான மின்னழுத்தமான பயாஸ் 580 வோல்ட். ஹெட்போன் ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் 5 முள் கொண்ட புரோ வகை. கோடை முழுவதும் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து, காலையில் சுவிட்சைப் போட்டவுடன் இடது காதில் மட்டும் சடசடவென்று ஓசை வருகிறது. பாட்டும் கரகரத்து, பாடுபவர் குரல் நடுவில் நிற்காமல் வலது பக்கம் ஒதுங்கிவிடுகிறது. ஒரு மணி நேரம் ஓடவிட்டால் தானாகச் சரியாகிவிடுகிறது.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, சாக்கெட்டின் பயாஸ் துளையில் மல்டிமீட்டரை வைத்தால் 395 வோல்ட்தான் காட்டுகிறது. பயாஸ் பெருக்கியில் இன்னும் ஒரு டையோடு, கெபாசிட்டர் படியைச் சேர்த்து இதை 580க்கு ஏற்றலாமா? டிரான்சிஸ்டர்கள் போலியாக இருக்குமோ என்ற சந்தேகமும் உண்டு.

பதில் (பெரம்பூர்)

தம்பி, பயாஸில் கை வைக்காதீர்கள். அது சரியாகத்தான் இருக்கிறது.

சாக்கெட்டுக்கு முன்னால் ஒரு 4.7 மெகாஓம் ரெசிஸ்டர் இருக்குமே, பாருங்கள். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை 10 மெகாஓம். மீட்டரை வைத்த கணத்திலேயே இரண்டும் சேர்ந்து மின்னழுத்தத்தைப் பங்கு பிரித்துக்கொள்கின்றன: 580ஐ 10ஆல் பெருக்கி 14.7ஆல் வகுத்தால் 395 வரும். ஆகவே நீங்கள் பார்த்த எண், பயாஸ் 580ஆகவும் அந்த ரெசிஸ்டர் நல்ல நிலையிலும் இருப்பதற்கான சான்றே தவிர, குறைக்கான அறிகுறி அல்ல. ரெசிஸ்டருக்கு முந்தைய கெபாசிட்டர் முனையில் அளந்தால் 580ஐ ஒட்டிக் காட்டும். மீட்டர் 580 காட்டும்வரை நீங்கள் ஏற்றியிருந்தால் உண்மையில் 850 வோல்ட்டுக்குப் போயிருக்கும். ஹெட்போனின் சவ்வு, அதன் இரு பக்கமும் உள்ள தகடான ஸ்டேட்டரோடு ஒட்டிக்கொண்டு, ஹெட்போனே வீணாகியிருக்கலாம்.

தவிர, 5 முள் சாக்கெட்டில் இரண்டு காதுகளுக்கும் பயாஸ் முள் ஒன்றே. அது குறைந்தால் இரு பக்கமும் ஒலி குறைய வேண்டும். உங்களுக்கோ இடது பக்கம் மட்டும் கெடுகிறது. சூடேறச் சூடேறக் கெடுமானால் நானும் முதலில் டிரான்சிஸ்டரைத்தான் சந்தேகிப்பேன். சூடேறியதும் குணமாகிறது என்றால் ஈரம்தான் காரணம். ஈரம் ஹெட்போனுக்குள் இருக்கிறதா, போர்டில் இருக்கிறதா என்பதைத்தான் இனிப் பிரித்தறிய வேண்டும்.

அதற்கு, குறை தெரியும் காலை வேளையில், ஹெட்போன் இல்லாமல், வால்யூமை முழுதும் குறைத்து வைத்து, காதுக்கு ஒரு பிளஸ், ஒரு மைனஸ் என நான்கு வெளியீடுகளையும் ஒவ்வொன்றாக எர்த்துக்கு எதிராக அளந்து எழுதுங்கள். மீட்டரும் அதன் கம்பிகளும் 1000 வோல்ட் தாங்குபவையாக இருக்கட்டும். கறுப்புக் கம்பியை முதலை வாய் போன்ற கவ்வி கொண்டு, மின்சாரம் இல்லாதபோதே எர்த்தில் மாட்டிவிட்டு, பிறகு ஒரே கையால் மட்டும் அளக்க வேண்டும். அளந்து முடிக்கும்வரை ஹெட்போனைத் தலையில் மாட்ட வேண்டாம்.

கேள்வியாளர்

மிக்க நன்றி, ஐயா. இன்று காலை அளந்தேன். வலது பக்கத்து இரண்டு வெளியீடுகளும் 5 வோல்ட்டுக்குள் நிற்கின்றன. இடது பிளஸ் வெளியீடும் அப்படியே. இடது மைனஸ் வெளியீடு மட்டும் மைனஸ் 60 வோல்ட்டில், நிலையில்லாமல் ஆடுகிறது. ஹேர் டிரையரால் போர்டின் அந்த மூலையில் சற்று நேரம் வெதுவெதுப்பாக ஊதியதும், எண் மளமளவென்று பூஜ்யத்தை நோக்கி இறங்கியது. அந்த வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுப் பக்கம் திரும்பும் ஃபீட்பேக் ரெசிஸ்டர் 500 கிலோஓம். கால் வாட் வகை.

பதில் (பெரம்பூர்)

அப்படியானால் ஹெட்போன் நிரபராதி. 500 கிலோஓமில் 60 வோல்ட் விழ வேண்டுமென்றால் 120 மைக்ரோஆம்பியர் எங்கிருந்தோ உள்ளே வர வேண்டும். வெளியீடு மைனஸ் பக்கம் சாய்வதால், அது பிளஸ் 400 வோல்ட் தடத்திலிருந்து ஃபீட்பேக் சந்திக்குக் கசிந்து வருகிறது என்று கொள்ளலாம். கணக்குப்படி கசிவுத் தடை சுமார் 3.3 மெகாஓம். சால்டர் வைத்தபின் கழுவாமல் விட்ட ஃபிளக்ஸ் (சால்டர் பிடிக்க உதவும் பசை) மிச்சம், கடற்காற்றின் உப்பையும் ஈரத்தையும் இழுத்துக்கொண்டால் இவ்வளவு கசிவது பெரிய காரியமில்லை. 12 வோல்ட் போர்டில் இதே அழுக்கு இருந்தால் யாருக்கும் தெரியவே தெரியாது. கசிவு ஆடுவதுதான் உங்களுக்குச் சடசடப்பாகக் கேட்கிறது; இரு ஸ்டேட்டர்களுக்கும் இடையே 60 வோல்ட் வேறுபாடு நிற்பதால் சவ்வும் ஒரு பக்கமாக இழுபடுகிறது.

போர்டைத் தொடுமுன் ஒன்று. சப்ளையில் 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போட்டிருந்தால், சுவிட்சை நிறுத்திய பிறகும் பிளஸ், மைனஸ் என ஒவ்வொரு பக்கத்திலும் 38 ஜூல் வரை சேமிப்பு இருக்கும். உயிருக்கே ஆபத்தான அளவு அது. அதை வடிக்கும் 220 கிலோஓம் பிளீடர் ரெசிஸ்டர் இருந்தாலும் வடிவதற்கு 9 நிமிடம் ஆகும். காத்திருந்தால் மட்டும் போதாது, மீட்டரால் அளந்து உறுதிசெய்த பிறகே கை வையுங்கள்.

சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை வாங்கி, பழைய பல் துலக்கும் பிரஷால் போர்டின் இரு பக்கமும் தேய்த்துக் கழுவுங்கள். கறைபட்ட ஆல்கஹாலைப் போர்டிலேயே காயவிட்டால் அழுக்கு பரவுமே ஒழியப் போகாது; ஆகவே புதிதாக ஊற்றி வழியவிட்டு மறுபடியும் அலசுங்கள்.

பதில் (திருவொற்றியூர்)

ஒரு சிறு சேர்க்கை. கால் வாட் ரெசிஸ்டர் பொதுவாக 250 வோல்ட்டுக்கு மேல் தாங்கும் என்று நம்பக்கூடாது. உரத்த பகுதிகளில் அந்த இடத்தில் 400 வோல்ட்டை நெருங்கும். வாட் கணக்கு சரியாக இருந்தாலும் வோல்ட் கணக்கில் தோற்றுவிடும். இரண்டு 240 கிலோஓமைத் தொடராகப் போடலாம். நான்கு வெளியீடுகளிலும் ஒரே மாதிரி மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் இடதும் வலதும் ஒத்துப்போகாது.

கேள்வியாளர்

கழுவிப் பார்த்ததில், பிளஸ் 400 தடத்துக்கும் ஃபீட்பேக் ரெசிஸ்டரின் காலுக்கும் நடுவே பழுப்பு நிறப் படலம் ஒன்று கண்ணாடிபோல் படிந்திருந்தது. பிரஷால் போகாமல் மரக்குச்சியால் சுரண்டி எடுத்தேன். ரெசிஸ்டர்களையும் மாற்றிவிட்டேன். மழை பெய்த காலையிலும் இடது மைனஸ் வெளியீடு 4 வோல்ட்டைத் தாண்டவில்லை, சடசடப்பும் இல்லை. இதன்மேல் அக்ரிலிக் வார்னிஷ் அடிக்கலாமா?

பதில் (பெரம்பூர்)

அடிக்கலாம், கடலோர வீட்டுக்கு அது அவசியமும்கூட. ஆனால் போர்டை நன்றாகக் காயவைத்த பிறகே அடியுங்கள். இல்லையென்றால் ஈரத்தை உள்ளேயே வைத்துப் பூட்டியதாகிவிடும். ஆஃப்செட்டை (வெளியீட்டில் பூஜ்யத்திலிருந்து விலகி நிற்கும் வோல்ட்டை) திருகிச் சரிசெய்யும் டிரிம்பாட், ஹெட்போன் சாக்கெட், ஹீட்சிங்க் ஒட்டும் பரப்பு ஆகிய மூன்றையும் முதலில் டேப் ஒட்டி மறைத்துக்கொள்ளுங்கள்.