தொழில் உரிமத்தை எடுத்துவிட்டால் வாடிக்கையாளருக்கு என்ன பாதுகாப்பு? லிபர்டேரியன் தரப்பு விளக்கம் தேவை

கேள்விக்குறி:
அரசு உரிமம் இருந்தால்தான் ஒரு தொழிலைச் செய்யலாம் என்ற விதிகளை லிபர்டேரியன்கள் (தனிமனித சுதந்திரம் அதிகமாகவும் அரசின் தலையீடு குறைவாகவும் இருக்க வேண்டும் என்பவர்கள்) எதிர்க்கிறார்கள். சரி, உரிமம் போன பிறகு அரைகுறை ஆளிடம் மாட்டிக்கொள்பவருக்கு என்ன வழி? "சந்தை பார்த்துக்கொள்ளும்" என்று ஒற்றை வரியில் முடிக்க வேண்டாம். ஒரு விதியைக் கையில் கொடுத்தால் எதை முதலில் பார்ப்பீர்கள்?

தராசுமுள்:
உரிமம், இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை என்று இரண்டே வழிதான் இருப்பதாக நினைக்க வேண்டாம். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1962-லேயே மூன்றாகப் பிரித்துக் காட்டினார். பதிவு: பெயர், முகவரி கொடுத்துவிட்டு யாரும் தொழில் செய்யலாம். சான்றளிப்பு: யாரும் செய்யலாம், ஆனால் தேறியவர் மட்டுமே அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். உரிமம்: இல்லாதவர் செய்தாலே குற்றம். மருத்துவருக்குக்கூட மூன்றாவது தேவையில்லை என்றார் அவர். அவ்வளவு தூரம் எல்லா லிபர்டேரியன்களும் போவதில்லை.

விதியைப் படிக்கும்போது முதல் கேள்வி, கெடுதல் யாருக்கு? காசு கொடுப்பவருக்கா, சம்பந்தமே இல்லாத மூன்றாம் ஆளுக்கா? அடுத்தது, வேலை சரியில்லை என்பது எப்போது தெரியவரும்? முடிவெட்டு கோணலாக இருந்தால் கண்ணாடியிலேயே தெரிந்துவிடும், சில வாரத்தில் வளர்ந்தும்விடும். சுவருக்குள் போன மின்கம்பி இணைப்பு அப்படியல்ல. ஆனால் அங்கேயும் பூசுவதற்கு முன் இணைப்பைச் சோதித்தால் போதும். வேலை செய்தவர் எத்தனை வருடம் படித்தார் என்று கேட்க வேண்டியதில்லை. ஆளைச் சோதிப்பதைவிட வேலையைச் சோதிப்பது பெரும்பாலும் மலிவு.

பிறகு நேராக, உரிமம் கொடுக்கும் வாரியத்தின் உறுப்பினர் பட்டியலுக்குப் போங்கள். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பெனடிக்டின் என்ற கத்தோலிக்க சபையின் மடத்துத் துறவிகள் மரச் சவப்பெட்டி செய்து விற்றார்கள். சவ அடக்க நிறுவன உரிமம் இல்லாமல் விற்கக் கூடாது என்று தடை வந்தது. உரிமம் வேண்டுமென்றால் சடலம் பதப்படுத்தும் அறை, முழுநேர அடக்க இயக்குநர் எல்லாம் வேண்டும். வாரியத்தின் 9 பேரில் 8 பேர் அதே தொழில்காரர்கள். இத்தனைக்கும் பெட்டி இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அந்த மாநிலச் சட்டத்தில் எந்த விதியும் கிடையாது. பெட்டியே இல்லாமலும் புதைக்கலாம்! 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் துறவிகள் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு தொழிலின் வருமானத்தைக் காப்பது மட்டுமே பொதுநலன் ஆகாது என்பது சாரம்.

இன்னொரு அடையாளம்: ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களுக்குத் தேர்விலிருந்து விலக்கு உண்டா என்று பாருங்கள். பாதுகாப்புதான் நோக்கம் என்றால் பழைய ஆட்களையும் அல்லவா சோதிக்க வேண்டும்?

எதிர்வாதி:
வாரியங்களைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் "உரிமத்துக்குப் பதில் நஷ்டஈட்டு வழக்கு" என்று லிபர்டேரியன்கள் வழக்கமாகச் சொல்வது மூன்று இடங்களில் ஓட்டையாகிறது. தப்பு செய்தவரிடம் சொத்தே இல்லையென்றால் தீர்ப்பு வெறும் காகிதம். கெடுதல் பத்து வருடம் கழித்துத் தலைகாட்டினால் காலவரம்பு முடிந்திருக்கும். பலர் கை பட்ட வேலை என்றால் யாரால் வந்தது என்று நிரூபிக்க முடியாது.

சரி, காப்பீட்டைக் கட்டாயமாக்கலாம் என்பார்கள். அங்கேயும் பாலிசி வகையைப் பார்க்க வேண்டும். பாலிசி நடப்பில் இருக்கும்போது வரும் கோரிக்கைக்கு மட்டுமே பணம் தரும் வகை ஒன்று உண்டு. ஒப்பந்தக்காரர் கடையை மூடிப் பிரீமியம் கட்டுவதை நிறுத்தினால், பிறகு விரிசல் விட்ட சுவருக்கு ஒன்றும் கிடைக்காது. சம்பவம் நடந்த தேதியை வைத்துப் பணம் தரும் பாலிசியோ, தொழிலை விட்ட பிறகும் நீளும் கூடுதல் காப்போ வேண்டும் என்று விதியிலேயே எழுத வேண்டும். பிணைப்பத்திரமும் (வேலை கெட்டால் இழப்பீடு தருவதற்கான முன்கூட்டிய உத்தரவாதம்) அப்படித்தான். மொத்தத் தொகைக்கு உச்சவரம்பு வைத்தால் முந்திக்கொண்டவர்களோடு பணம் தீர்ந்துவிடும்.

தராசுமுள்:
நியாயமான திருத்தம். ஆனால் காப்பீட்டாளர் வெறும் பணம் கொடுப்பவர் மட்டுமல்ல. அமெரிக்காவில் நீராவிக் கொதிகலன்கள் வெடித்துக்கொண்டிருந்த காலத்தில், 1866-ல் ஹார்ட்ஃபோர்டில் தொடங்கிய நிறுவனம் பாலிசியோடு சோதனையையும் சேர்த்தே விற்றது. வெடித்தால் அதன் கைக்காசு போகும் என்பதால் ஆய்வாளருக்குக் கண்ணை மூடிக்கொள்ளக் காரணமே இல்லை.

கேள்விக்குறி:
அப்படியானால் புகை, கழிவுநீர்? அங்கே ஒப்பந்தமே இல்லையே.

வரப்பு:
அங்கேதான் லிபர்டேரியன்களே இரண்டாகப் பிரிகிறார்கள். மாசு என்பது என் சொத்தின் மீதான அத்துமீறல், நீதிமன்றம் போதும் என்பது அரசே வேண்டாம் என்ற லிபர்டேரியன் சிந்தனையாளர் ராத்பார்டின் வழி. ஒரு ஆலை, பத்து வீடு என்றால் அது நடக்கும். லட்சக்கணக்கான வண்டிகளின் புகைக்கு யார் மேல் வழக்குப் போடுவது? பேரம் பேசும் செலவே அதிகமானால் உரிமைகளை வரையறுத்தால் மட்டும் தீராது என்பது பொருளாதார அறிஞர் கோஸ் 1960-ல் எழுதிய கட்டுரையிலேயே இருக்கிறது. பேரச் செலவு இல்லையென்றால் இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளும் என்ற முதல் பாதியோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஃப்ரீட்மன் மாசு அளவுக்கேற்ற கட்டணத்தை ஆதரித்தார். 1990-ல் அமெரிக்கா கந்தக டை ஆக்சைடுக்கு மொத்த வரம்பு வைத்து, அதற்குள் அனுமதிச் சீட்டுகளை வாங்கி விற்க விட்டதும் கிட்டத்தட்ட இதே தர்க்கம். எந்த இயந்திரம் பொருத்த வேண்டும் என்று அரசு சொல்லவில்லை. ஆனால் வெளியேறும் அளவைத் தொடர்ந்து அளக்கும் கருவி மட்டும் கட்டாயம். அளவீடு நம்பகமாக இல்லையென்றால் சீட்டுக்கு மதிப்பே இல்லை.

ஒரு எச்சரிக்கை. விதிக்குக் காலாவதித் தேதி வைத்து, அதற்குள் மறுஆய்வு செய்து நீட்டிக்காவிட்டால் அது தானாகவே போய்விடும்படி செய்வதும் லிபர்டேரியன்கள் அடிக்கடி சொல்லும் மருந்து. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 1976-லேயே அப்படிச் சட்டம் போட்டது. மறுஆய்வுக் கூட்டத்துக்கு வந்து பேசுவது பெரும்பாலும் உரிமம் வைத்திருப்பவர்கள்தான்; தொழிலுக்குள் நுழையவே முடியாமல் போனவர்களுக்கு அங்கே சங்கம் கிடையாது. அதனால் தேதி மட்டும் போதாது. எத்தனை புகார், அதில் எத்தனை உண்மையான காயம் அல்லது பண இழப்பு, எத்தனை வெறுமனே "உரிமம் இல்லாமல் செய்தார்" என்று போட்டியாளர் கொடுத்தது என்று பிரித்துக் காட்ட வேண்டிய பொறுப்பை வாரியத்தின் தலையிலேயே கட்ட வேண்டும்.